டர்போ பூஸ்ட்ட புடிச்சு நிறுத்துற சின்ன மோட்டார்: எலெக்ட்ரானிக் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் எப்படி வேலை செய்யுது

பெட்ரோல் டர்போ கார் வச்சிருக்குற நிறைய பேருக்கு இப்ப ஒரே மாதிரி ஒரு குழப்பம் வருது. ஓட்டிட்டு இருக்கும்போதே இன்ஜின் லைட் எரியுது, ஆக்சிலேட்டர் மிதிச்சாலும் வண்டி இழுக்க மாட்டேங்குது, ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டா பி0299ன்னு ஒரு கோடு, அதாவது கேட்ட பூஸ்ட் வரலன்னு அர்த்தம், உடனே "டர்போ போயிடுச்சு சார், செட்டாத்தான் மாத்தணும்"னு பெரிய எஸ்டிமேட் கைக்கு வருது. ஆனா டர்போவோட சக்கரம், ஷாஃப்ட், பேரிங் எல்லாம் நல்லா இருந்து, அதோட பக்கத்துல போல்ட் போட்டு மாட்டியிருக்குற உள்ளங்கை அளவு பெட்டி மட்டும் மக்கர் பண்ற கேஸும் இதுல இருக்கு. அந்தப் பெட்டிதான் எலெக்ட்ரானிக் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர். அது எதுக்கு வந்துச்சு, உள்ள என்ன நடக்குது, கெட்டுப்போனா எப்படிப் புடிக்கறதுன்னு அடியிலேருந்து பாப்போம்.

டர்போவுக்கு கடிவாளம் எதுக்கு

டர்போல ரெண்டு சக்கரம், நடுவுல ஒரு ஷாஃப்ட். இன்ஜின்லேருந்து வெளிய வர்ற சூடான புகை ஒரு சக்கரத்த சுத்தும், அது டர்பைன். ஷாஃப்டோட இன்னொரு முனையில இருக்குற சக்கரம் வெளிக்காத்த இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும், அது கம்ப்ரஸர். சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூகி 1905லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு. புகையோட வீணாப் போற சக்திய திரும்ப வேலைக்கு இழுக்கறதுதான் மொத்த ஐடியாவும்.

இதுல ஒரு சிக்கல் கூடவே பொறந்தது. காத்து அதிகமா உள்ள போனா பெட்ரோலும் அதிகமா எரியும், அப்ப புகையும் அதிகமா வரும், அது டர்பைன இன்னும் வேகமா சுத்தும், அதனால இன்னும் அதிகமா காத்து உள்ள போகும். இந்த சுழற்சி தானா நிக்காது. சின்ன கார் டர்போவே நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்துக்கு மேல போற சாமான், அதுக்கும் மேல விட்டா சக்கரம் தாங்காது. இன்ஜின் பக்கம் பாத்தா, அழுத்தம் ஏற ஏற பெட்ரோல் தப்பான நேரத்துல தானா வெடிக்க ஆரம்பிக்கும், அதத்தான் நாக்கிங்னு சொல்றது, பிஸ்டன ஓட்ட போடற அளவுக்குப் போகும்.

பூஸ்ட்னா என்னன்னு இங்கயே தெளிவு பண்ணிக்கலாம். வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல டர்போ எவ்வளவு கூட்டிக் குடுக்குதோ அதுதான் பூஸ்ட். கடல் மட்டத்துல வெளிக்காத்து அழுத்தம் சுமார் 1 பார். டர்போ இன்னொரு 0.8 பார் சேத்தா பூஸ்ட் 0.8, இன்டேக் (இன்ஜினுக்கு காத்து போற வழி) உள்ள மொத்த அழுத்தம் 1.8. ஸ்கேனர்ல சில நேரம் மொத்தத்த காட்டும், சில நேரம் பூஸ்ட்ட மட்டும் காட்டும், இத கவனிக்காம ரெண்டையும் ஒப்பிட்டு பயந்தவங்க நிறைய. பிஎஸ்ஐல சொன்னா 1 பார்ங்கறது 14.5 பிஎஸ்ஐ.

வேஸ்ட்கேட் குக்கர் வெயிட் மாதிரி கிடையாது

நிறைய பேர் நினைக்கறது என்னன்னா, இன்டேக்ல காத்து அழுத்தம் ஜாஸ்தியானா குக்கர் வெயிட் தூக்கி ஆவி விடற மாதிரி வேஸ்ட்கேட் அந்தக் காத்த வெளிய விட்டுடும்னு. அப்படி இல்ல. வேஸ்ட்கேட் இருக்கறது புகை பக்கம், காத்து பக்கம் கிடையாது. கியர் மாத்தும்போது "ப்ஸ்ஸ்"னு கேக்குற சத்தம் வேற வால்வோடது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஏரிய நெனச்சுப் பாருங்க, சட்டுனு புரியும். மதகு வழியா வர்ற தண்ணி ஒரு சக்கரத்த சுத்துதுன்னு வச்சுக்குவோம், சக்கரம் ரொம்ப வேகமா போகுதுன்னா சக்கரத்தப் புடிச்சு நிறுத்த மாட்டோம், பக்கத்துல கலிங்கத் திறந்து கொஞ்சம் தண்ணிய அந்தப் பக்கமா ஓடவிடுவோம். வேஸ்ட்கேட் அந்தக் கலிங்குதான். டர்பைன் ஹவுசிங்ல ஒரு துளை, அத மூடற நாணயம் மாதிரி ஒரு வட்டமான ஃப்ளாப். ஃப்ளாப் மூடியிருந்தா எல்லா புகையும் டர்பைன் வழியா போகும், பூஸ்ட் ஏறும். திறந்தா ஒரு பங்கு புகை டர்பைன தொடாம நேரா சைலன்சர் பக்கம் போயிடும், சக்கரத்தோட வேகம் குறையும், பூஸ்ட்டும் இறங்கும்.

டீசல் கார்கள்ல பெரும்பாலும் இந்த ஃப்ளாப்பே இருக்காது, டர்பைன சுத்தி அசையுற சின்னச் சின்ன இறக்கைகள் இருக்கும். அதையும் இதே மாதிரி ஒரு மோட்டார் பெட்டி அசைக்கறதால ரெண்டையும் ஒண்ணுன்னு குழப்பிக்கறாங்க. இங்க பேசறது பெட்ரோல் வண்டியில வர்ற ஃப்ளாப் பத்தி மட்டும்தான்.

காத்தே காத்த கட்டுப்படுத்துன காலம்

1962ல அமெரிக்காவுல வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்லயே வேஸ்ட்கேட் இருந்துச்சு. அப்பலேருந்து பல பத்து வருஷம் அமைப்பு பெருசா மாறல. ஒரு தகர டப்பா, உள்ள ரப்பர் டயஃப்ரம், அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்ப்ரிங், டயஃப்ரத்துலேருந்து ஃப்ளாப்புக்கு ஒரு ராடு. கம்ப்ரஸர்லேருந்து ஒரு ஹோஸ் அந்த டப்பாவுக்கு வரும். பூஸ்ட் ஏறி ஸ்ப்ரிங்கோட பலத்த தாண்டுனா ராடு நகந்து ஃப்ளாப்ப திறக்கும்.

அப்புறம் நடுவுல மின்சாரத்துல திறந்து மூடற ஒரு சோலனாய்டு வால்வு வந்துச்சு. டப்பாவுக்குப் போற காத்துல ஒரு பங்க கசிய விட்டா, டப்பாவுக்கு உண்மையான பூஸ்ட் தெரியாது, ஃப்ளாப் லேட்டா திறக்கும், அதனால பூஸ்ட் ஸ்ப்ரிங் அளவுக்கு மேலயும் போகும். சாப் கம்பெனி 1980களோட ஆரம்பத்துல இதோட நாக் சென்சாரையும் சேத்து, பெட்ரோல் தரம் எப்படி இருந்தாலும் இன்ஜின் தாங்குற அளவுக்கு மட்டும் பூஸ்ட் குடுக்கற மாதிரி பண்ணுச்சு. நல்ல மூளை அது, இன்னைக்கு எல்லா டர்போ காரும் செய்யறதுக்கு அதுதான் ஆரம்பம்.

இருந்தாலும் இந்த அமைப்போட அடிப்படைக் குறை போகல. எந்த அழுத்தத்த கட்டுப்படுத்தணுமோ அதே அழுத்தம்தான் ஃப்ளாப்ப அசைக்கற சக்தியும். இதுலேருந்து மூணு பிரச்சனை வருது:

1. பூஸ்ட் இல்லாத நேரத்துல ஃப்ளாப்ப திறக்கவே முடியாது, தள்ளறதுக்கு காத்து இல்ல. சும்மா நிக்கும்போதும் மெதுவா போகும்போதும் ஃப்ளாப் மூடியேதான் இருக்கும்.

2. ஸ்ப்ரிங் அளவுக்குக் கீழ பூஸ்ட்ட ஃப்ளாப்ப வச்சு கட்டுப்படுத்த முடியாது, இன்ஜினுக்குப் போற காத்த திறந்து மூடற த்ராட்டில மூடித்தான் குறைக்கணும்.

3. ஃப்ளாப் இப்ப எந்த இடத்துல நிக்குதுன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்கு, பொதுவா தெரியாது. பூஸ்ட்ட பாத்து ஊகம்தான் பண்ணிக்கும்.

வேக்குவம்ல ஓடற வகையும் ஒண்ணு இருந்துச்சு. பிஎம்டபிள்யூவோட என்54 இன்ஜின்ல அப்படித்தான், வேக்குவம் இழுத்தா ஃப்ளாப் மூடும், இல்லன்னா திறந்துக்கும். முதல் குறை இதுல தீந்துடும், ஆனா வேக்குவம் பம்ப், டேங்க், மெல்லிசான ஹோஸ்னு பாகங்கள் பெருகிடும், பத்து வருஷம் சூட்டுல வெந்த ரப்பர் ஹோஸ்ல ஒரு மயிரிழை வெடிப்பு விட்டாலும் பூஸ்ட் வராது. அடுத்து வந்த என்55 இன்ஜின் முதல்ல வேக்குவத்தோட வந்து, பின்னாடி அதே பேர்லயே எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டருக்கு மாறுச்சு, அதனாலதான் செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க "இது எந்த வேஸ்ட்கேட்"னு முதல்ல கேக்கறாங்க. வோக்ஸ்வேகன்ல ஈஏ888 இன்ஜின் மூணாவது தலைமுறைக்கு வந்தப்போ இதே மாதிரி காத்து டப்பாவ விட்டுட்டு மோட்டாருக்கு வந்துச்சு.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு

பெருசா ஒண்ணும் இல்ல. 12 வோல்ட்ல ஓடற ஒரு சின்ன டிசி மோட்டார், அதோட வேகத்த குறைச்சு பலத்த கூட்டற ரெண்டு மூணு பல்சக்கரம், வெளிய ஒரு சின்ன கை, அதுலேருந்து ஃப்ளாப்புக்கு ஒரு ராடு. பல்சக்கரத்தோட ஒரு காந்தமும் சேந்து சுத்தும், அதுக்கு எதுத்தாப்புல ஒரு ஹால் சென்சார். காந்தம் எவ்வளவு திரும்பியிருக்குன்னு சென்சார் வோல்ட்டேஜா சொல்லும். சாதாரண வகைகள்ல கனெக்டர்ல அஞ்சு பின் பாக்கலாம், ரெண்டு மோட்டாருக்கு, மூணு சென்சாருக்கு.

மோட்டாருக்கு மின்சாரத்த நொடிக்குப் பல தடவ போட்டு நிறுத்தி போட்டு நிறுத்திதான் ஈசியு பலத்த அளந்து குடுக்குது. மின்சாரம் போற திசைய மாத்துனா கை எதிர்ப்பக்கம் திரும்பும். திறக்கவும் மூடவும் ரெண்டுக்குமே சக்தி இருக்கு. பழைய டப்பாவுல ஒரு பக்கம் காத்து தள்ளும், மறுபக்கம் ஸ்ப்ரிங் இழுக்கும், அவ்வளவுதான்.

இக்னிஷன் ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்ணாம பானெட்ட திறந்து காது குடுத்தா, இல்ல இன்ஜின் ஆஃப் பண்ண சில நொடியில, "ஸ்ர்ர்-டக்"னு ஒரு சின்ன சத்தம் பல வண்டியில கேக்கும், ராடு ஒரு தடவ முழுசா போயிட்டு வர்றத கண்ணாலயே பாக்கலாம். இதக் கேட்டு ஏதோ லூசா இருக்குன்னு பயப்பட வேண்டாம். ஃப்ளாப் சீட்டுல போய் முட்டுற இடம் எது, அப்ப சென்சார் வோல்ட்டேஜ் எவ்வளவுன்னு ஈசியு கத்துக்குது. உலோகம் சூட்டுல விரியும், வருஷக்கணக்குல தேயும், அதனால "முழுசா மூடியாச்சு"ங்கற புள்ளி மாறிக்கிட்டே இருக்கும், அத திரும்பத் திரும்ப சரிபாக்காம துல்லியமா ஓட்ட முடியாது.

மிதிச்சதுலேருந்து ஃப்ளாப் அசையுற வரைக்கும்

1. ஆக்சிலேட்டர மிதிக்கறீங்க. ஈசியு அத நேரா த்ராட்டில திறக்குற உத்தரவா எடுத்துக்காது, "இவ்வளவு டார்க் (சுத்தற பலம்) வேணும்"ங்கற கோரிக்கையா எடுத்துக்கும்.

2. அந்த டார்க்குக்கு எவ்வளவு காத்து வேணும், அதுக்கு இன்டேக்ல எவ்வளவு அழுத்தம் வேணும்னு கணக்குப் போடும். வெளிக்காத்தோட சூடு, அழுத்தம், நாக்கிங் நிலவரம் எல்லாம் இதுல சேரும்.

3. இந்த ஆர்பிஎம்ல இந்த அழுத்தம் வரணும்னா ஃப்ளாப் சுமாரா எங்க இருக்கணும்னு முன்னாடியே சோதிச்சு எழுதி வச்ச அட்டவணை உள்ள இருக்கு, அதப் பாத்து ஃப்ளாப்ப உடனே அங்க அனுப்பும். பூஸ்ட் வந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு காத்திருக்காது.

4. அப்புறம் பூஸ்ட் சென்சார பாத்து மிச்சம் மீதிய திருத்தும். கம்மியா இருந்தா கொஞ்சம் மூடும், கூடிட்டா கொஞ்சம் திறக்கும்.

5. இதுக்கு உள்ளுக்குள்ள இன்னொரு வேகமான சுழற்சி ஓடும், சொன்ன இடத்துல ஃப்ளாப் போய் நின்னுச்சான்னு ஹால் சென்சார பாத்துக்கிட்டே மோட்டார திருத்தற வேலை.

வெளிய ஒண்ணு அழுத்தத்துக்கு, உள்ள ஒண்ணு ஃப்ளாப்போட இடத்துக்குன்னு இப்படி ரெண்டு அடுக்கு இருக்கறதுதான் பழைய முறையோட உள்ள பெரிய வித்தியாசம். டர்போ சக்கரத்துக்கு எடை இருக்கு, அமுக்குன காத்த குளிர வைக்கற இன்டர்கூலர், அதோட பைப் முழுக்க காத்து ரொம்பணும், அதனால ஃப்ளாப் அசைஞ்ச உடனே பூஸ்ட் மாறாது, கொஞ்சம் தாமதமாத்தான் மாறும். பூஸ்ட் இலக்கத் தொட்டதுக்கு அப்புறம் திறந்தா தாண்டிப் போயிடும். அதனால இலக்க நெருங்கும்போதே ஈசியு ஃப்ளாப்ப திறக்க ஆரம்பிச்சிடும், ஃப்ளாப் இருக்குற இடம் துல்லியமா தெரிஞ்சாத்தான் இத தைரியமா பண்ண முடியும்.

இதனால வண்டியில என்ன மாறுது

முதல்ல மூடற பலம். ஃப்ளாப் விட்டம் 25 மில்லிமீட்டர்னு கணக்குக்கு வச்சுக்குவோம், பரப்பு கிட்டத்தட்ட 5 சதுர சென்டிமீட்டர். இன்ஜின்லேருந்து புகை சீரா வராது, ஒவ்வொரு சிலிண்டரும் வால்வ திறக்கும்போது அடி அடியா வரும். அந்த அடியில ஃப்ளாப்போட ரெண்டு பக்கத்துக்கும் 2 பார் வித்தியாசம் வந்தா, அத திறக்கத் தள்ற பலம் 10 கிலோ பக்கம் வரும். காத்து டப்பாவுல, பூஸ்ட் ஏற ஏற டயஃப்ரமும் திறக்கத்தான் தள்ளும், ஸ்ப்ரிங் மட்டும் தனியா எதிர்த்து நிக்கணும், அதனால இலக்கு வர்றதுக்கு முன்னாடியே ஃப்ளாப் லேசா தூக்கிக்கிட்டு புகைய கசிய விடும். மோட்டார் அப்படி விடாது, கடைசி நொடி வரைக்கும் சீட்டோட அழுத்திப் புடிச்சுக்கும். குறைஞ்ச ஆர்பிஎம்லயே இழுவை கிடைக்கறதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரெண்டாவது, காலையில குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ற நேரம். புகையில இருக்குற மாச குறைக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், அதுவரைக்கும் புகை கிட்டத்தட்ட அப்படியே வெளிய போகும். டர்பைன் ஒரு பெரிய இரும்புக் கட்டி, வழியிலயே சூட்ட எல்லாம் உறிஞ்சிடும். ஃப்ளாப்ப முழுசா திறந்து வச்சா சூடான புகை டர்பைன தொடாம நேரா கன்வெர்ட்டர்ல போய் விழும், சீக்கிரம் சூடாகும். மாசு விதிகள் இறுகினதும் கம்பெனிகள் இந்த மோட்டாருக்கு மாறுனதுக்கு ஓட்டுற சுகத்த விட இதுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன்.

ஹைவேல 80ல நிதானமா போகும்போதும் இதே கதைதான். அப்ப பூஸ்ட்டே தேவையில்ல, ஆனா ஃப்ளாப் மூடியிருந்தா இன்ஜின் ஒவ்வொரு தடவையும் புகைய டர்பைன்ங்கற தடுப்பத் தாண்டித் தள்ளணும், அதுக்கும் பெட்ரோல்தான் செலவு. திறந்து வச்சா மூச்சு லேசாகும். ஆனா டர்போ வேகம் விழுந்துடும், திடீர்னு ஓவர்டேக்குக்கு மிதிச்சா எழுந்து வர நேரம் ஆகும். ஸ்போர்ட் மோட்ல ஃப்ளாப்ப அதிகமா மூடி வச்சு டர்போவ சுத்திக்கிட்டே இருக்கவிடற வண்டிகள் உண்டு, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கினாலும் மிதிச்ச உடனே இழுக்கும்.

மலை ஏறும்போது இன்னொண்ணு தெரியும். ஊட்டி 2,240 மீட்டர், அங்க வெளிக்காத்து அழுத்தம் 0.77 பார் அளவுதான். 0.5 பார் ஸ்ப்ரிங் போட்ட பழைய டப்பா கீழ மொத்தம் 1.5 குடுத்தா மேல 1.27தான் குடுக்கும், ஏன்னா அது வெளிக்காத்தோட ஒப்பிட்டு மட்டும்தான் வேலை செய்யும். மோட்டார் வச்ச வண்டியில ஈசியு மொத்த அழுத்தத்த இலக்கா வச்சு ஃப்ளாப்ப இன்னும் கொஞ்சம் மூடிக்கும். ஆனா அதுக்கும் எல்லை இருக்கு. மொத்தம் 1.8 வேணும்னா கீழ 1.8 மடங்கு அமுக்குனா போதும், ஊட்டியில 2.3 மடங்குக்கு மேல அமுக்கணும், டர்போ அவ்வளவு வேகமா சுத்தணும், அது ஆபத்துன்னா ஈசியுவே இலக்க இறக்கிடும்.

டார்க் எப்படி வெட்டப்படுதுன்னு பாக்க ஒரு நல்ல உதாரணம் வோக்ஸ்வேகனோட 1.8 டிஎஸ்ஐ போலோ ஜிடிஐ. மேனுவல் கியர்பாக்ஸ்ல 320 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜிங்கற ஆட்டோமேட்டிக்ல 250. பவர் ரெண்டுலயும் அதே 192 பிஎஸ். அந்த ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி 250க்கு மேல தாங்காது, அதனால சாஃப்ட்வேர்ல இலக்கக் குறைச்சு வச்சிருக்காங்க. சுமார் 1,250 ஆர்பிஎம்லேருந்து 5,300 வரைக்கும் ஒரே கோடா நிக்குற அந்த 250 டார்க், இன்ஜின் இயல்பா அப்படி இருக்கறதால வர்றது இல்ல, ஃப்ளாப் அப்படிப் புடிச்சு நிறுத்தறதால வர்றது.

கெட்டுப்போனா எப்படிப் பாக்கறது

ஆக்சுவேட்டர் வாழுற இடம் மோசமானது. பெட்ரோல் டர்பைனுக்குள்ள வர்ற புகை 950 டிகிரி வரைக்கும் போகும், அதுக்கு ஒரு சாண் தள்ளி பிளாஸ்டிக் பல்சக்கரமும் சென்சாரும் உக்காந்திருக்கு. பல் தேயும், மோட்டார் பிரஷ் தேயும், கனெக்டர்ல தண்ணி ஏறும், சில நேரம் பெட்டி நல்லா இருந்து ஃப்ளாப்போட கீல்தான் துருவும் கரியும் புடிச்சு இறுகியிருக்கும்.

டர்போ மாத்த ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல லைவ் டேட்டா காட்டச் சொல்லுங்க. ஈசியு கேட்ட ஃப்ளாப் இடம், உண்மையில இருக்குற இடம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், இந்த நாலும் ஒரே ஸ்க்ரீன்ல இருக்கணும்.

1. கேட்ட இடமும் உண்மையான இடமும் ஒத்துப்போகல: பெட்டி, ஒயரிங் இல்ல இறுகுன ஃப்ளாப். ராட கழட்டிட்டு ஃப்ளாப் கைய தனியா ஆட்டிப் பாத்தா தெரிஞ்சிடும், லேசா ஆடுனா சந்தேகம் பெட்டி மேல, ஆடலன்னா ஃப்ளாப் மேல. ராடு மாட்டியிருக்கும்போது பிளையர் போட்டு இழுக்கக் கூடாது, உள்ள பல் உடையும்.

2. ரெண்டு இடமும் ஒத்துப்போகுது, முழுசா மூடியிருக்குன்னும் சொல்லுது, ஆனா பூஸ்ட் இல்ல: முதல்ல இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப், பைபாஸ் வால்வுன்னு காத்து கசியுற இடங்கள பாக்கணும். அதெல்லாம் சரின்னா அப்புறம்தான் டர்போ.

ரெண்டாவதுல ஒரு பொறி இருக்கு. ஹால் சென்சார் இருக்கறது மோட்டார் பக்கம், ஃப்ளாப்புல இல்ல. ராடுக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவுல இருக்குற பின் தேஞ்சு ஆட்டம் குடுத்தா, "மூடியாச்சு"ன்னு சென்சார் சொல்லும்போதே ஃப்ளாப் சரியா உக்காராம இருக்கலாம். ஆக்சிலேட்டர விடும்போது "கிணுகிணு"ன்னு தகரம் ஆடற சத்தம் கேட்டா அநேகமா இந்த ஆட்டம்தான், ஆரம்ப நிலையில ராட இறுக்கிப் புடிக்கற சின்ன ஸ்ப்ரிங் கிளிப் போட்டே சத்தத்த நிறுத்தற வண்டிகள் இருக்கு.

பூஸ்ட் கூடிப்போனா வர்ற கோடு பி0234. ஃப்ளாப் மூடுன நிலையில மாட்டிக்கிட்டா இது வரும், அப்ப ஈசியு த்ராட்டில மூடி இன்ஜின காப்பாத்தும். லிம்ப் மோட்ல, அதாவது ஈசியு பவர குறைச்சு வைக்கற பாதுகாப்பு நிலையில, வண்டி ஊர்ந்து போறது அதனாலதான், அந்த நிலையில அடிச்சு மிதிக்காம ஓரங்கட்டறதுதான் சரி.

ட்யூனிங் பண்றவங்களுக்கு ஒண்ணு. காத்து டப்பா இருந்த காலத்துல ஹோஸ்ல ஒரு கைத்திருகு வால்வு போட்டு பூஸ்ட்ட ஏத்திடுவாங்க, இங்க ஹோஸே இல்ல. அதனால இப்ப விக்கற ட்யூனிங் பாக்ஸ், பூஸ்ட் சென்சார் சிக்னல குறைச்சுக் காட்டி ஈசியுவ ஏமாத்துது, ஈசியுவும் நம்பி ஃப்ளாப்ப இன்னும் மூடுது. அந்தப் பொய் எண்ண வச்சுத்தான் டர்போ வேகத்தோட பாதுகாப்பு எல்லையும் கணக்காகுதுங்கறது வாங்கறவங்க யோசிக்க வேண்டிய விஷயம்.

பெட்டிய மட்டும் தனியா மாத்த முடியற வண்டின்னா, மாத்துனதோட வேலை முடியாது. ராடு நீளத்த திருகி வைக்கற அமைப்பு இருந்தா, ஃப்ளாப் மூடுன நிலையில சென்சார் வோல்ட்டேஜ் கம்பெனி சொன்ன அளவுக்கு வர்ற வரைக்கும் திருகி, அப்புறம்தான் லாக் நட்ட இறுக்கணும். அது முடிஞ்சதும் ஸ்கேனர்ல அடாப்டேஷன் ஓட்டி புது பெட்டியோட ரெண்டு எல்லையையும் ஈசியுவுக்குக் கத்துக்குடுக்கணும். இந்த ரெண்டையும் விட்டுட்டு கண் அளவுல மாட்டி அனுப்புனா, பழைய பெட்டியோட எண்ண வச்சுக்கிட்டு ஈசியு புது ஃப்ளாப்ப தேடும், ரெண்டு நாள்ல அதே பி0299 திரும்ப வந்து நிக்கும்.